வானளாவிய அதிகாரம்: நம்ம பக்கத்து சபாநாயகர் பி.எச். பாண்டியன்

 பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் நம்ம குடும்பக் குழுவில் பி.எச். பாண்டியனைப் பற்றி ஒரு பேச்சு வந்தது. தம்பி முறை உள்ள ஒருத்தர், "சட்டசபையையே ஆட்டி வைத்த சிங்கம், நம்ம மண்ணின் மைந்தர்" என்று எழுதினார். மருமகன் முறை உள்ள இன்னொருத்தர், "பத்திரிகை ஆசிரியரை ஜெயிலில் போட்டவர்தானே?" என்று கேட்டார். அத்தோடு ரெண்டு பேருக்கும் சண்டை. என்னைப் பொறுத்தவரை ரெண்டு பேர் சொன்னதும் உண்மைதான். ஆனால் ரெண்டும் பாதி உண்மை. குழுவில் இருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு அவர் பெயரே தெரியவில்லை. நாற்பது வருடத்துக்கு முன்னால் இந்தியா முழுவதும் பேசப்பட்ட ஒரு வழக்கிலும், நம்ம அரசியல் சட்டத்தில் இன்றைக்கும் தீராத ஒரு கேள்வியிலும் தாமிரபரணிக் கரைக்காரர் ஒருவர் நடுவில் நிற்கிறார். அது நம்ம பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகக்கூடாது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் தொகுதிக் கதை. இப்போது நம்ம பத்தமடை அம்பாசமுத்திரம் சட்டமன்றத் தொகுதியில் இருக்கிறது. 2008-ல் தொகுதி மறுசீரமைப்பு வந்தது. அதற்கு முன்னால் நம்ம வட்டாரத்தில் 'சேரன்மகாதேவி' என்றே ஒரு தொகுதி உண்டு. 2006-ல் நடந்த தேர்தல்தான் அதற்குக் கடைசி. அதற்குப் பிறகு அந்தப் பெயர் தேர்தல் வரைபடத்திலிருந்து மறைந்துவிட்டது.

சேரன்மகாதேவி என்ற பெயருக்கு அரசியல் வரலாற்றில் அதற்கும் முன்பே ஓர் இடம் உண்டு. வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலம் அங்கேதான் இருந்தது. பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி, மற்றப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்று 1924, 1925-ல் கிளம்பிய பிரச்சினை தமிழ்நாடு காங்கிரஸையே உலுக்கியது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்து நின்றார்கள். 1925 கடைசியில் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியே வந்ததற்குப் பின்னால் இந்தக் குருகுலக் கசப்பும் ஒரு காரணம். சாப்பாட்டுப் பந்தியில் யார் எங்கே உட்காருவது என்ற கேள்வி ஒரு மாநிலத்தின் அரசியலையே திருப்பியது நம்ம பக்கத்து ஊரில்தான். அறுபது வருடம் கழித்து, நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு எவ்வளவு அதிகாரம் என்ற கேள்வியைக் கிளப்பியவரும் இதே பக்கத்துக்காரர்தான்.

பால் ஹெக்டர் பாண்டியன் என்பது முழுப்பெயர். கோவிந்தப்பேரி சொந்த ஊர். வக்கீல். எம்.ஜி.ஆர். 1972-ல் அண்ணா தி.மு.க.வைத் தொடங்கினார். அந்தக் கட்சி சந்தித்த முதல் சட்டமன்றப் பொதுத்தேர்தல் 1977-ல் வந்தது. அதில் சேரன்மகாதேவித் தொகுதியில் பாண்டியன் ஜெயித்தார். அப்போது அவருக்கு வயது முப்பதை ஒட்டி. பிறகு 1980, 1984, 1989 என்று வரிசையாக நாலு தடவை அதே தொகுதி அவரைச் சட்டசபைக்கு அனுப்பியது. 1980-ல் துணை சபாநாயகர் ஆனார். க. ராஜாராம் சபாநாயகராக இருந்த காலம் அது. 1985 பிப்ரவரி கடைசியில் பாண்டியனே சபாநாயகர் ஆனார்.

இந்த இடத்தில் நெல்லைக்காரர்கள் பெருமைப்பட ஒரு விஷயம் சொல்கிறேன். ஒன்றாக இருந்த பழைய திருநெல்வேலி மாவட்டத்தை எடுத்துக்கொண்டால், நம்ம பக்கத்திலிருந்து சபாநாயகர் ஆனவர்கள் பட்டியல் நீளமானது. 1962-லிருந்து 1967 வரை செல்லப்பாண்டியன். அண்ணா ஆட்சிக்கு வந்ததும் 1967-ல் ஸ்ரீவைகுண்டத்தில் ஜெயித்த சி.பா. ஆதித்தனார். 1985-ல் பாண்டியன். 2006-ல் அம்பாசமுத்திரத்தில் ஜெயித்த ஆவுடையப்பன். 2021-ல் ராதாபுரத்தில் ஜெயித்த அப்பாவு. வெவ்வேறு கட்சி, வெவ்வேறு காலம். இவர்களில் அகில இந்தியாவும் திரும்பிப் பார்த்த பெயர் பாண்டியன்தான். அதற்கு அவர் சொன்ன ரெண்டு வார்த்தை காரணம்: வானளாவிய அதிகாரம். சபாநாயகருக்கு இருப்பது வானளாவிய அதிகாரம் என்றார். அந்தச் சொல் பத்திரிகைகளில் அடிபட்டு, டீக்கடைப் பேச்சாகி, கடைசியில் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. எங்க வீட்டில் அடுப்படி அதிகாரத்தைப் பற்றிப் பேச்சு வந்தால்கூட, "உங்க அம்மைக்கு வானளாவிய அதிகாரம்லா" என்று மாமா கிண்டல் செய்வார்.

கிண்டலை விட்டுவிட்டுப் பாடத்துக்கு வருவோம். சபாநாயகருக்கு அவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்திலிருந்து வந்த பதவி இது. மக்கள் சபையின் கருத்தை ராஜாவிடம் போய்ப் பேசுகிறவர் என்பதால்தான் ஆங்கிலத்தில் 'ஸ்பீக்கர்' என்று பெயர். ராஜாவுக்குப் பிடிக்காததைப் பேசினால் தலைக்கு ஆபத்து. 1642-ல் முதலாம் சார்லஸ் மன்னர் படையோடு சபைக்குள் நுழைந்து ஐந்து உறுப்பினர்களைப் பிடித்துக் கொடுக்கச் சொன்னார். அப்போது லெந்தால் என்ற சபாநாயகர் மண்டியிட்டு, இந்தச் சபை காட்டுவதைத் தவிர வேறெதையும் பார்க்கக் கண்ணும், இந்தச் சபை சொல்வதைத் தவிர வேறெதையும் பேச நாக்கும் தனக்கு இல்லை என்ற பொருளில் பதில் சொன்னார். ராஜாவிடமிருந்து மக்கள் பிரதிநிதிகளைக் காப்பாற்றத்தான் சபைக்குத் தனி உரிமைகள் பிறந்தன. அதாவது பலசாலியிடமிருந்து பேசுகிறவனைக் காக்க வந்த வேலி அது.

நம்ம அரசியல் சட்டம் எழுதியபோது இந்த உரிமைகளைப் பட்டியல் போட்டு எழுதவில்லை. மாநிலச் சட்டசபைகளுக்கு 194-வது பிரிவு. சபை தன் உரிமைகளைச் சட்டமாக இயற்றிக்கொள்ளலாம், அதுவரை இங்கிலாந்து மக்கள் சபைக்கு என்னென்ன உரிமை உண்டோ அதுவே இங்கேயும் என்று விட்டுவிட்டார்கள். 1978-ல் நாற்பத்து நாலாவது திருத்தம் வந்து இங்கிலாந்தின் பெயரை எடுத்தது. ஆனால் பட்டியல் மட்டும் வரவில்லை. சபையை அவமதித்தவரை ஜெயிலுக்கு அனுப்பலாமா, கோர்ட் அதில் தலையிடலாமா என்பதில் 1964-லேயே உத்தரப்பிரதேசத்தில் கேசவ் சிங் என்பவர் வழக்கால் பெரிய மோதல் நடந்தது. சபை ஒரு பக்கம், உயர்நீதிமன்றம் ஒரு பக்கம் நின்று, குடியரசுத் தலைவர் உச்சநீதிமன்றத்திடம் கருத்துக் கேட்கும் அளவுக்குப் போனது. வேலி எங்கே முடிகிறது என்று யாரும் கல் நடாத வயல் அது. பாண்டியன் சபாநாயகர் ஆனபோது அந்த வயலில்தான் கால் வைத்தார்.

இன்னொன்றும் சேர்ந்தது. அவர் சபாநாயகரான அதே சமயத்தில், 1985 மார்ச் 1 முதல் கட்சித் தாவல் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணை அது. ஒரு உறுப்பினர் கட்சி தாவினாரா, பதவி போகுமா என்று தீர்மானிக்கும் வேலையைச் சபாநாயகரிடம் கொடுத்தார்கள். அவர் சொன்னதே இறுதி, கோர்ட்டுக்கு இதில் வேலை இல்லை என்றும் எழுதி வைத்தார்கள். ஒரு கட்சியின் சார்பில் ஜெயித்து, அந்தக் கட்சியின் பலத்தால் நாற்காலியில் உட்கார்ந்தவர் கையில் அடுத்தவர் பதவியைப் பறிக்கும் கத்தி. இதை வைத்துப் பார்த்தால், 'வானளாவிய' என்ற சொல் அவர் வாய்க்கு எப்படி வந்தது என்று புரியும். சட்டம் படித்தவர் அவர். புத்தகத்தில் இருந்ததைத்தான் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

1986-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டில் பெரிய முடிவுகள் வந்தன. மே மாதம் சட்ட மேலவையை ஒழிக்கும் தீர்மானம் பேரவையில் நிறைவேறியது. நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் மேலவை இல்லாமல் போனது. அதே நவம்பரில் இந்தி எதிர்ப்புப் போராட்டமாக, அரசியல் சட்டத்தின் ஆட்சிமொழிப் பகுதியை தி.மு.க.வினர் எரித்தார்கள். அரசியல் சட்டத்தின் மேல் உறுதிமொழி எடுத்தவர்கள் அதையே எரிக்கலாமா என்ற கேள்வி சபைக்கு வந்தது. பேராசிரியர் க. அன்பழகன் உட்பட தி.மு.க. உறுப்பினர்கள் பத்துப் பேர் பதவி இழந்தார்கள். நாற்காலியில் இருந்தவர் பாண்டியன்.

அந்தக் காலத்தில் எங்க ஆசிரியர் ஓய்வறையில் நடந்த வாக்குவாதம் இன்னும் காதில் கேட்கிறது. ஒருத்தர், "உறுதிமொழி எடுத்துவிட்டு எரித்தால் பதவி போகத்தான் செய்யும்" என்பார். இன்னொருத்தர், "எரித்தது தப்பு என்றால் கோர்ட் தண்டிக்கட்டும், லட்சம் பேர் போட்ட ஓட்டை ரத்து செய்ய இவங்க யாரு?" என்பார். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத நான் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ரெண்டு பேரும் புத்தகம் படித்தவர்கள், ரெண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று தோன்றும்.

பிறகு 1987 வந்தது. மார்ச் கடைசியில் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு சிரிப்புப் படம். மேடையில் ரெண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இதில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று கேட்கிறார் ஒருத்தர். ஜேப்படித் திருடன் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்று பதில். அவ்வளவுதான். சபைக்கு அவமதிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் மறுத்துவிட்டார். எஸ்.எஸ். வாசனின் மகன் அவர். ஏப்ரல் தொடக்கத்தில் அவருக்கு மூன்று மாதக் கடுங்காவல் என்று சபை தீர்மானித்தது. நாற்காலியில் இருந்து அதை அறிவித்தவர் நம்ம பாண்டியன். ஆசிரியரைக் கைது செய்து சென்னை மத்திய சிறையில் அடைத்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். குற்றம் சாட்டியது சபை. விசாரித்ததும் சபை. தண்டனை கொடுத்ததும் சபை. கிண்டல் செய்யப்பட்டவர்களே நீதிபதிகள். நம்ம ஸ்கூலில் ஒரு பையன் டீச்சரைப் பார்த்துக் கேலிப்படம் வரைந்தால், அந்த டீச்சரே விசாரித்து, அந்த டீச்சரே டி.சி. கொடுத்து அனுப்புகிற மாதிரி. எந்தத் தலைமையாசிரியரும் அதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

நாடு முழுவதும் எதிர்ப்புக் கிளம்பியது. பத்திரிகைகள் ஒன்று சேர்ந்தன. ரெண்டு மூணு நாளில் ஆசிரியரை விடுதலை செய்தார்கள். ஆனால் அவர் விடவில்லை. விடுதலை ஆனால் போதும் என்று வீட்டுக்குப் போகாமல் உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். வருடங்கள் ஓடின. கடைசியில் அந்தக் கைது செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஆயிரம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது கோர்ட். அவர் கேட்டதே அவ்வளவுதான். அந்த ஆயிரம் ரூபாயைச் செலவழிக்காமல், கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டி வைத்தார். பணமாகப் பார்த்தால் அது ஒன்றுமில்லை. அதிகாரத்துக்கு வானம் எல்லை இல்லை, அரசியல் சட்டம்தான் எல்லை என்பதற்கு அது ரசீது.

அந்த வருடம் நான் வகுப்பில் மாதிரிச் சட்டசபை நடத்தினேன். அந்த செட்டில் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். முதலமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர் என்று எல்லாரும் போட்டி போட்டார்கள். சபாநாயகராக உட்கார வைத்த பையன் சாக்பீஸ் டப்பாவை மேசையில் தட்டி, "எனக்கு வானளாவிய அதிகாரம்!" என்று கத்தி, பத்து நிமிஷத்தில் பாதி வகுப்பை வெராண்டாவுக்கு அனுப்பிவிட்டான். கடைசியில் சபையில் விவாதிக்க ஆளே இல்லை. எல்லாரும் சிரித்தோம். அப்புறம் ஒரு பிள்ளை கேட்டாள்: "டீச்சர், சபாநாயகரையே வெளியே அனுப்பணும்னா யாரு அனுப்புவா?" நல்ல கேள்வி. பதினாலு நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, சபையின் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை பேர் தீர்மானம் போட்டால் நீக்கலாம் என்று சொல்லிக் கொடுத்தேன். 1972-ல் மதியழகன் சபாநாயகராக இருந்தபோது அவருக்கு எதிராகத் தீர்மானம் வந்து, அவர் ஒரு பக்கமும் துணை சபாநாயகர் ஒரு பக்கமும் ஒரே நேரத்தில் சபை நடத்திய கதையையும் சொன்னேன். பிள்ளைகள் நம்பவே இல்லை.

1987 டிசம்பர் 24-ல் எம்.ஜி.ஆர். காலமானார். கட்சி ரெண்டாக உடைந்தது. ஜானகி அம்மையார் 1988 ஜனவரி 7-ல் முதலமைச்சராகப் பதவியேற்றார். இன்னொரு பக்கம் நெடுஞ்செழியன் போன்ற மூத்தவர்களோடு ஜெயலலிதா அணி. ஜனவரி 28-ல் நம்பிக்கை வாக்கெடுப்பு. அந்த நாளில் சபாநாயகர் நாற்காலியில் பாண்டியன். எதிரணி உறுப்பினர் சிலரின் பதவி போய்விட்டதாக அறிவித்தார். சபைக்குள் அடிதடி. ஒலிபெருக்கிகள் பறந்தன. போலீஸ் சபைக்குள் நுழைந்து தடியடி நடத்தியது. அந்தக் களேபரத்துக்கு நடுவில் நம்பிக்கைத் தீர்மானம் நிறைவேறியதாக அவர் அறிவித்தார். ரெண்டு நாள் கழித்து, ஜனவரி 30-ல், மத்திய அரசு ஆட்சியைக் கலைத்தது. ஒரு மாதம்கூட நிறையாத ஆட்சி. முதலாம் சார்லஸின் படையைத் தடுத்து நின்ற பதவி அது என்று மேலே சொன்னேனே, அதை இதோடு வைத்துப் பாருங்கள்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஒன்று குறித்துக்கொள்ளுங்கள். சபை கலைந்தால் எம்.எல்.ஏ.க்கள் எல்லாரும் முன்னாள் ஆகிவிடுவார்கள். சபாநாயகர் மட்டும் ஆக மாட்டார். அடுத்த சபை முதன்முதலாகக் கூடுவதற்கு முன்பு வரை அவர் பதவியில் நீடிப்பார். இது 179-வது பிரிவு. அதனால் 1988 முழுவதும் உறுப்பினர்களே இல்லாத சபைக்கு பாண்டியன் சபாநாயகர். 1989 பிப்ரவரி வரை அப்படியே இருந்தார்.

1989 ஜனவரித் தேர்தல் நாலுமுனைப் போட்டி. தி.மு.க., காங்கிரஸ், ஜெயலலிதா அணி, ஜானகி அணி. இரட்டை இலை முடக்கப்பட்டிருந்தது. ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. எனக்கு வேறு தொகுதியில் தேர்தல் பணி போட்டிருந்தார்கள். வாக்குச்சீட்டுக் காலம். மை பாட்டில், அம்புக்குறி முத்திரை, வாக்குப்பெட்டியோடு முதல் நாளே போய்ப் பள்ளிக்கூடத் திண்ணையில் படுத்துக் கிடந்தோம். மறுநாள் ஒரு ஆச்சி கையில் சீட்டோடு என்னிடம் வந்து, "எம்ஜியாரு கட்சி எது தாயி, சேவலா புறாவா?" என்று கேட்டார். "நான் சொல்லக்கூடாது ஆச்சி" என்றேன். "நீயும் சொல்லலைனா யாரு சொல்லுவா?" என்று முனகிக்கொண்டே மறைப்புக்குள் போனார். அந்த ஆச்சிக்கு இருந்த குழப்பம்தான் அன்றைக்குத் தமிழ்நாடு முழுவதும்.

முடிவு வந்தபோது ஜானகி அணி துடைத்தெறியப்பட்டிருந்தது. ஆண்டிபட்டியில் ஜானகி அம்மையாரே தோற்றார். அந்த அணியில் ஜெயித்தவர்களை எண்ண ஒரு கை விரலே அதிகம். அந்தச் சொற்பத்தில் ஒருவர் சேரன்மகாதேவி பி.எச். பாண்டியன். அலை அடித்துக் கட்சியே முழுகும்போது ஒருத்தர் மட்டும் நின்றார் என்றால், அது கட்சிக்கு விழுந்த ஓட்டு இல்லை. ஆளுக்கு விழுந்த ஓட்டு. சென்னையிலும் டெல்லியிலும் அவரை அதிகார வெறியர் என்று எழுதிய அதே காலத்தில் நம்ம ஜனங்கள் நாலாவது தடவையாக அவரை ஜெயிக்க வைத்தார்கள். விகடன் படிக்காத ஜனங்களா என்றால், அப்படியும் இல்லை. எங்க தெருவில் ஒரு விகடன் எட்டு வீட்டுக்குச் சுற்றி வரும். படித்தவர்களும்தான் ஓட்டுப் போட்டார்கள்.

இதை எப்படிப் புரிந்துகொள்வது? நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். ஒரு தொகுதி தன் எம்.எல்.ஏ.வை அளக்கும் அளவுகோல் வேறு. தெரிந்த முகமா, நம்ம பக்கத்துக்காரரா, சென்னையில் நம்ம பெயரைச் சொல்ல ஆள் உண்டா, கலெக்டர் ஆபீசுக்கு ஒரு சிபாரிசு கிடைக்குமா, கால்வாயில் தண்ணீர் வராவிட்டால் யாரிடம் போய்ச் சத்தம் போடலாம் என்பதுதான் அது. சாதிக் கணக்கும் உண்டு, அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? அரசியல் சட்டம் 194-வது பிரிவு அந்த அளவுகோலில் எந்தக் கோட்டிலும் இல்லை. கோரை கீறிப் பாய் நெய்து அன்றன்றைக்குச் சம்பாதிக்கிற வீட்டில் போய், சபை உரிமை மீறல் என்றால் என்ன என்று கேட்க முடியுமா? அவர்கள் மேல் குற்றம் இல்லை. ஆனால் அந்த அளவுகோல் மட்டும் போதாது என்று சொல்லிக் கொடுக்கத்தான் நம்மைப் போன்ற வாத்தியார்களுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தது.

பிறகு 1999-ல் திருநெல்வேலி நாடாளுமன்றத் தொகுதியில் அ.தி.மு.க. சார்பில் ஜெயித்து டெல்லி போனார். குடும்பமும் பொதுவாழ்வில் இருந்தது. அவர் மனைவி சிந்தியா பாண்டியன் நம்ம மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராக இருந்தவர். மகன் மனோஜ் பாண்டியன் 2001-ல் அதே சேரன்மகாதேவியில் எம்.எல்.ஏ. ஆனார். 2006-ல் அங்கே காங்கிரஸின் வேல்துரை ஜெயித்தார். அரசு ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போதே மனுத் தாக்கல் செய்தார் என்று மனோஜ் வழக்குப் போட்டார். ஐந்து வருடப் பதவிக்காலமும் ஓடி முடியும் நேரத்தில், 2011 ஏப்ரலில், அந்த வெற்றி செல்லாது என்று உச்சநீதிமன்றம் சொன்னது. நீதி கிடைத்தது, ஆனால் தொகுதியே அப்போது இல்லை. தாமதம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

2017 பிப்ரவரியில் மறுபடி ஒருமுறை பாண்டியன் பெயர் எல்லா டி.வி.யிலும் வந்தது. ஜெயலலிதாவின் மரணத்தைப் பற்றியும் சசிகலா பதவிக்கு வருவதைப் பற்றியும் மகனோடு உட்கார்ந்து வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார். கட்சிக்குள் இருந்து வந்த முதல் சத்தங்களில் அது ஒன்று. அன்று இரவுதான் ஓ. பன்னீர்செல்வம் மெரினாவில் போய் உட்கார்ந்தார். பாண்டியனுக்குப் பயம் கிடையாது என்பதை அவரைப் பிடிக்காதவர்களும் ஒத்துக்கொள்வார்கள். 2020 ஜனவரி 4-ல் வேலூர் மருத்துவமனையில் காலமானார். வயது 74.

அவர் போனார். அவர் கிளப்பிய கேள்வி போகவில்லை. 1992-ல் உச்சநீதிமன்றம், கட்சித் தாவல் விஷயத்தில் சபாநாயகர் நடுவர் மாதிரிதான், அவர் முடிவைக் கோர்ட் பரிசீலிக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. கோர்ட்டுக்கு வேலை இல்லை என்று எழுதி வைத்திருந்த பகுதி செல்லாமல் போனது. அந்தப் பகுதி செல்லாது என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒத்துப்போனார்கள். அப்படித்தான் வானத்துக்குக் கூரை போட்டார்கள். 2003-ல் காளிமுத்து சபாநாயகராக இருந்தபோது 'தி இந்து' ஆசிரியர்களுக்குச் சிறைத் தண்டனை விதித்தது நம்ம சபை. உச்சநீதிமன்றம் தடை போட்டது. 2017-ல் சபாநாயகர் தனபால் பதினெட்டு எம்.எல்.ஏ.க்களைத் தகுதி நீக்கம் செய்தார். அந்த வழக்கு ஒரு வருடத்துக்கு மேல் இழுத்து, கடைசியில் அவர் முடிவை உயர்நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பாண்டியன் இறந்த அதே 2020 ஜனவரியில், ஒரு மணிப்பூர் வழக்கில், கட்சிக்காரர் ஒருவரிடம் இந்த அதிகாரத்தை வைத்திருக்கலாமா, தனித் தீர்ப்பாயம் வேண்டாமா என்று நாடாளுமன்றம் யோசிக்க வேண்டும் என்றது உச்சநீதிமன்றம். ஒரு கட்சி மட்டும் செய்த காரியம் இல்லை இது. எந்தக் கட்சி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அந்தச் சூடு ஏறத்தான் செய்கிறது.

குடும்பக் குழுவில் சண்டை போட்ட ரெண்டு பேருக்கும் என் பதில் இதுதான். கோவிந்தப்பேரியில் பிறந்து, வக்கீலாகி, நாலு தேர்தல் வரிசையாக ஜெயித்து, அலைக்கு எதிராக நின்று, மாநிலத்தின் மூன்றாவது பெரிய நாற்காலியில் உட்கார்ந்தவர் நம்ம பக்கத்துக்காரர். அதில் பெருமைப்படுங்கள், தப்பில்லை. அதே நாற்காலியில் இருந்துகொண்டு ஒரு சிரிப்புப் படத்துக்காக ஒரு மனிதரைச் சிறைக்கு அனுப்பியது சரியில்லை. நம்ம ஊர்க்காரர் என்பதற்காக அதைச் சரி என்று சொல்ல வேண்டியதில்லை. ரெண்டையும் ஒரே மூச்சில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். வரலாறு படிப்பதற்கு அதுதான் முதல் தகுதி.

என்னிடம் படித்தவர்களில் இன்று சிலர் பேரூராட்சி கவுன்சிலர்கள். சிலர் தலைமையாசிரியர்கள், சிலர் போலீஸில், சிலர் வங்கியில் மேனேஜர். ஒவ்வொருத்தர் மேசைக்கு முன்னாலும் யாராவது ஒருத்தர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். உங்களைப் பற்றி ஒருத்தர் கிண்டலாகப் பேசினார் என்று காதில் விழும்போது, உங்கள் கையில் பேனாவும் சீலும் இருக்கும்போது, என்ன செய்கிறீர்கள் என்பதுதான் பரீட்சை. அந்த நேரத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்த ஆயிரம் ரூபாயை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பாடத்துக்கு மார்க் போட டீச்சர் இருக்க மாட்டேன்.

அந்தக் காலத் தேர்தல்கள் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஞாபகம் இருப்பதைக் கேட்டு எழுதுங்கள். கட்சிச் சண்டை மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
பத்தமடை.